கரிசல் சீமைக்கு டிரெட்மில் எதற்கு?

விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து ஐம்பது வயதுக்காரர்கள் பலருக்கு டிரெட்மில் அறிமுகமாவது மருத்துவமனையில்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு கனக்கிறது என்று போய் நின்றால், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, “எதுக்கும் ஒரு டி.எம்.டி. எடுத்துருங்க” என்பார் டாக்டர். டி.எம்.டி. என்றால் டிரெட்மில் சோதனை. அதற்காக மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கும் கிராமங்களுக்கு இன்னும் தூரம். சட்டையைக் கழற்றி, மார்பு முடியை மழித்து, எலெக்ட்ரோடுகளை ஒட்டி, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, ஓடும் பெல்ட் மேல் ஏற்றிவிடுகிறார்கள். நாள் முழுக்கக் காட்டில் நடந்து பழகிய காலும் முதல் நிமிடம் தடுமாறத்தான் செய்யும். தரையே நகர்ந்து வருவது காலுக்குத் தெரியாத சமாச்சாரம்.

அந்தச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இப்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் சேர்ந்தே கூடும். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உத்தேச உச்ச நாடித்துடிப்பு. அதில் 85 சதவீதத்தையாவது தொடவைப்பது இலக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 145 துடிப்பு. அதற்குள் நெஞ்சு வலித்தாலோ, திரையில் ஓடும் கோடு கவலைப்படும்படி மாறினாலோ, ஏற வேண்டிய ரத்த அழுத்தம் சரிந்தாலோ எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். புரூஸும் பொறியாளர் வேய்ன் குவின்டனும் 1950-களின் தொடக்கத்தில் இந்த எந்திரத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்பு, நோயாளியைச் சின்னப் படிகளில் ஏறி இறங்கச் சொல்லி, அவர் இறங்கிய பிறகு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். உழைத்துக்கொண்டிருக்கும் இதயத்தை அந்த நிமிடமே பார்க்க வழி செய்தது டிரெட்மில்.

சோதனை முடிகிறது. மாத்திரைச் சீட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: தினமும் அரை மணி நேரம் நடக்கவும். மாத்திரையை எப்படியும் வாங்கிவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை இந்த வெயிலில், இந்தச் சாலைகளில், எந்த வேளையில், யாரால் நடக்க முடியும் என்று கேட்பார் இல்லை.

நிற்பது உண்டு, நடப்பது இல்லை

“நாங்க என்ன உட்கார்ந்துக்கிட்டா சாப்பிடுறோம்? நாள் பூரா வேலைதானே செய்யிறோம்?” நடைப்பயிற்சி என்ற பேச்சை எடுத்தால் இந்த வட்டாரத்தில் வருகிற பதில் இது. பதிலில் உண்மை இருக்கிறது. விசைத்தறிக் கூடத்தில் நான்கைந்து தறிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஷிஃப்ட் முழுக்கக் காலில் நிற்கிறார். அறுந்த இழையை முடிய ஓர் எட்டு, நூல்கட்டை மாற்ற இரண்டு எட்டு, மறுபடியும் நிற்பது. கைத்தறியில் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறவர் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறார். மானாவாரிக் காட்டில் களையெடுக்கும் பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் வரிசை பிடிக்கிறார்கள். நிலத்தடி நீர் உவர்த்துப்போன ஊர்களில் பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி நல்ல தண்ணீருக்குப் போய்வருவதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

இவ்வளவு உழைத்தும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏன் வருகின்றன? உழைப்பின் வகை மாறிவிட்டது என்பது என் கருத்து. முன்பு வேலைக்குள்ளேயே நடை இருந்தது. நெசவு ஊர்களில் பாவடி என்று ஒரு திடலோ நீளத் தெருவோ இருக்கும். வெயில் ஏறுமுன் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை ஒட்டாமல் ஆற்றி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆணும் பெண்ணுமாக நடந்தபடி இருப்பார்கள். இப்போது கஞ்சி போட்ட பாவு உருளையிலேயே சுற்றப்பட்டு வந்து இறங்குகிறது. தோட்டக் கிணற்றில் கமலை ஓடிய காலத்தில் மாடு வாரியில் இறங்கி ஏற, ஓட்டுகிறவரும் கூடவே இறங்கி ஏறினார். ஏற்றத்தில் ஆளே துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தார். பம்புசெட் வந்து அந்தக் கொடுமையான உழைப்பிலிருந்து விடுதலை தந்தது, அது வரவேண்டியதுதான். பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்துபோன தூரத்தை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. நின்று செய்கிற வேலையும் குனிந்து செய்கிற வேலையும் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேனும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடல் அசைவு இதயத்துக்கு நன்மை செய்கிறது. பிழைப்புக்காக நாள் முழுக்கச் செய்யும் பாரமான வேலை அதே நன்மையைத் தருவதில்லை, சில சமயம் கெடுதலாகவும் முடிகிறது என்பது அவர்கள் கண்டது. காரணம் சொல்வது கடினமில்லை. இதயத்துக்கு வேண்டியது, நாடித்துடிப்பு நன்றாக ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு இறங்கி ஓய்வெடுக்கிற பயிற்சி. எட்டு மணி நேரம் தறியோடு நிற்கிறவருக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறுவதுமில்லை, முழுசாக இறங்கி இளைப்பாறுவதுமில்லை. ரத்த அழுத்தம் நாள் முழுக்கக் கொஞ்சம் தூக்கியே நிற்கிறது. கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. களைத்து வீட்டுக்கு வருகிறவரிடம் போய் நடக்கச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவருக்குத்தான் அந்த நடை அதிகம் தேவைப்படுகிறது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இதை நகரத்து நோய் என்று ஒதுக்கிய காலம் போய்விட்டது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த கரிசலில் இன்று மூன்று வேளையும் அரிசியும் மாவும்தான்.

நடையால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே நடந்த நல்ல ஆய்வு இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் எல்லையில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரமாவது விறுவிறுவென்று நடந்த குழுவில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் ஒரு மாத்திரைக்கு நிகரான வேலை செய்கின்றன. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

சாலையில் நடக்க முடியாதவர்கள்

திறந்த வெளியில் நடப்பதற்கு ஈடில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காசு வேண்டாம், கரண்ட் வேண்டாம், நாலு முகத்தைப் பார்க்கலாம். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷி, 1896-ல் திருவண்ணாமலைக்குப் போன பிறகு, 1926 வரை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை எத்தனையோ முறை நடந்தவர். கிரிவலம் போவதை விட்ட பிறகும் மலைச்சரிவில் தினமும் நடப்பதை அவர் விடவில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம், நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. நல்ல திட்டம்.

அந்த 8 கிலோமீட்டர் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் பள்ளி மைதானத்தையும் கல்லூரிச் சாலையையும் சுற்றி வருகிறவர்களில் ஆண்களே அதிகம். அந்த நேரத்தில் பெண்கள் குழாயடியில் நிற்கிறார்கள், அல்லது அடுப்படியில். அருப்புக்கோட்டையை ஒட்டிப் போகும் மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் லாரிகள் பறக்கின்றன. கிராமத்துச் சாலைகளின் இருபுறமும் சீமைக்கருவேலம். பொழுது சாய்ந்தால் பாம்பு பயம், நாய் பயம், அதற்கும் மேல் பேச்சு பயம். “இந்நேரத்துல இவ எங்க போறா?” என்ற ஒரு கேள்வி போதும், மறுநாள் அந்தப் பெண் வீட்டை விட்டு இறங்கமாட்டாள். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் அறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கரிசல் பாதை செருப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

இவர்களுக்குத்தான் டிரெட்மில் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு இரவு ஒன்பது மணிக்குமேல் சாப்பிட்டுப் படுக்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு. இரவு ஷிஃப்ட் முடித்து வெயில் ஏறிய பிறகு எழுந்திருக்கிற தறிகாரருக்கு. கண் பார்வை மங்கிய, மேடு பள்ளத்துக்குப் பயப்படுகிற முதியவருக்கு.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லொரெட்டா டிபியெட்ரோ குழுவினர் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். நீரிழிவின் எல்லையில் இருந்த பத்து முதியவர்களை ஒரு தனி அறையில் தங்கவைத்து, டிரெட்மில்லில் மெதுநடை நடக்கச் சொன்னார்கள். ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதையும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டதில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்கியது இரண்டாவது முறைதான். பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் உடலியல் தெளிவானது: தொடையும் கெண்டைக்காலும் இயங்கும்போது, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ராத்திரி இட்லி, தோசையோ சோறோ சாப்பிட்ட கையோடு படுக்கிற வழக்கம் நம்முடையது. அந்தப் பதினைந்து நிமிடத்தை இருட்டில், தெருவில், ஒரு பெண் நடக்க வாய்ப்பில்லை. அறைக்குள் நடக்கலாம்.

தண்டனையாக இருந்த நடை

இந்த எந்திரத்தின் பிறப்பு நல்ல இடத்தில் இல்லை. 1818-ல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக்கென்று ஒரு பெரிய சக்கரத்தை வடிவமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று அதன் படிகளை மிதித்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுவார்கள், உயரம் வராது. சில சிறைகளில் அது மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில இடங்களில் ஒன்றுக்குமே பயன்படவில்லை, கைதி களைத்தால் போதும் என்று சுழன்றது. 1834-க்குப் பிறகு ஜமைக்காவில், சட்டப்படி விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அடக்கி வைக்கவும் இதே சக்கரம் பயன்பட்டது. பிரிட்டனில் 1898 சிறைச் சட்டத்தோடுதான் அது முடிவுக்கு வந்தது.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து அதே பிரிட்டிஷ் ஆட்சி கோயம்புத்தூர் சிறையில் வ.உ.சிதம்பரனாரைச் செக்கில் பூட்டியது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தெற்கே போனால் அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் அதிகத் தூரமில்லை. அதுவும் இதே வறண்ட பூமிதான். கப்பல் விட்ட மனிதரை மாடு சுற்றும் தடத்தில் சுற்றவிட்டார்கள். அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. டிரெட்மில்லைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. ஒரே இடத்தில் நடக்கவைப்பது மனிதரை எவ்வளவு தூரம் வதைக்கும் என்பதை இந்த மண் அறியும். அதே அசைவு அளவோடும் சொந்த விருப்பத்தோடும் இருக்கும்போது மருந்தாகிறது.

வாங்குவதற்கு முன்

வீட்டுக்கு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மோட்டார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்சத் திறன். ஒரு கணம் எட்டக்கூடியது. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, எந்திரம் தாங்கும் எடை. வீட்டிலேயே பருமனான ஆளின் எடையைவிட அது நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். பெல்ட் குட்டையாக இருந்தால் கால் தயங்கித் தயங்கி விழும். நெட்டையானவர்கள் கடையில் ஏறி நடந்து பார்த்தே முடிவெடுக்கட்டும்.

நம் ஊருக்கென்று சில சங்கதிகள் இருக்கின்றன. கரிசல் புழுதி மிக நுண்ணியது. அது பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் புகுந்தால் உராய்வு கூடி, மோட்டார் சூடாகி, சீக்கிரம் பழுதாகும். வாசல் வராந்தாவில் போடக் கூடாது. மேலே துணி மூட வேண்டும். தயாரித்தவர்கள் சொல்லும் இடைவெளியில் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. தறிகள் ஓடும் தெருவில் மாலை நேரத்து வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் அவசியம், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது அதைவிட அவசியம். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நடந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 15 முதல் 20 யூனிட் ஆகும் என்பது என் கணக்கு.

வேகத்தைப் பற்றி வீண் மயக்கம் வேண்டாம். மணிக்கு 3 கிலோமீட்டரில் ஐந்து நிமிடம் தொடங்கி, மூச்சு கொஞ்சம் வாங்க, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்துக்குப் போனால் போதும். பெரும்பாலானவர்களுக்கு அது நாலரை, ஐந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு நூறு எட்டு. கடைசி ஐந்து நிமிடம் மறுபடி குறைத்துக்கொண்டே வந்து இறங்க வேண்டும். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால், திரையில் காட்டும் கலோரி பொய்யாகிவிடும். பாரத்தைக் கை வாங்கிக்கொள்கிறது. எந்திரத்தை ஒரு சதவீதம் ஏற்றி வைத்தால்தான் வெளியில் ஓடுவதற்குச் சமம் என்று ஜிம்மில் சொல்வார்கள். 1996-ல் ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டது அது, வேகமாக ஓடுகிறவர்களுக்கானது. நடப்பவர்கள் அதை மறந்துவிடலாம்.

வெறுங்காலோடு ஏறவே கூடாது. நம் பக்கத்தில் வெறுங்கால் நடை இயல்பு. ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு பெல்ட் உரசிய கொப்புளம் தெரியாது, புண்ணாகிப் புரையோடிய பிறகுதான் தெரியும். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கையில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் ஏற்கெனவே இருந்தவர்கள், நாற்பதைத் தாண்டி பல ஆண்டு சும்மா இருந்தவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டே ஏறட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம், ஒரு குழந்தை உயிரிழந்ததையும் பலர் காயமடைந்ததையும் அடுத்து, ஒரு வகை டிரெட்மில்லை, சுமார் 1,25,000 எந்திரங்களை, திரும்பப் பெற்றது. ஓடும் பெல்ட்டின் பின்முனை சின்ன விரல்களை உள்ளே இழுத்துவிடும். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சாவி அலங்காரத்துக்கு இல்லை; விழுந்தால் எந்திரத்தை நிறுத்துவது அதுதான். நடந்து முடித்ததும் அதைக் கழற்றி உயரத்தில் வைத்துவிட வேண்டும். சேலை கட்டி நடப்பதும் ஆபத்து. முந்தானையும் கொசுவமும் பெல்ட்டுக்குள் போகும். சுடிதார் போட்டு, துப்பட்டாவை எடுத்துவைத்துவிட்டு ஏறலாம்.

மருந்தாகும் இடம்

எடை குறைப்பதற்கு மட்டும்தான் இந்த எந்திரம் என்று நினைப்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். இரண்டு தெரு நடந்தாலே கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொல்லும் பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களிடமும் நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களிடமும் இது அதிகம். “வயசாயிருச்சு, வாதம்” என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். பல பேருக்கு அது வாதமில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. இதற்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் ஒன்று, ஆள் பக்கத்தில் நின்று கவனிக்க, டிரெட்மில்லில் நடப்பது. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வலி வருகிற அளவுக்கு வேகமும் ஏற்றமும் வைத்து, வலி நடுத்தரமாகும்வரை நடந்து, உட்கார்ந்து, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 50 நிமிடம், வாரம் மூன்று முறை, பன்னிரண்டு வாரம். வலியோடு நடந்தால் கால் கெட்டுப்போகும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள், இந்தப் பயிற்சிக்குப் பிறகு நிற்காமல் நடக்கும் தூரம் நன்றாகக் கூடுவதைப் பார்க்கிறார்கள். சாலையிலும் செய்யலாம்தான், ஆனால் வலித்ததும் உட்காரத் திண்ணை வேண்டும், ஒரே வேகம் வேண்டும், எவ்வளவு தூரம் என்ற அளவு வேண்டும். மூன்றையும் இந்த எந்திரம் தருகிறது.

பக்கவாதத்தில் கதை வேறு. உடலைக் கயிற்றுப் பட்டையில் தாங்கி, டிரெட்மில்லில் நடக்கப் பழக்கும் முறையைப் பெரிய நம்பிக்கையோடு கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில், அந்த எந்திரத்தில் பழகியவர்களும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சாதாரணப் பயிற்சி கொடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். நமக்கு இது நல்ல செய்தி. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்தவரை எந்திரத்துக்காக எங்கோ தூக்கிப்போக வேண்டியதில்லை. அந்த வருகை தவறாமல் நடந்தால் போதும்.

என் மனதில் அதிகம் தங்கிய ஆய்வு 2001-ல் வந்தது. டேல் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தைகளை, தானாக உட்காரத் தொடங்கியதுமே, மிகச் சிறிய, மிக மெதுவான டிரெட்மில்லின் மேல் பெற்றோர் தாங்கிப் பிடித்து நிறுத்தும்படி ஏற்பாடு செய்தார். ஒரு நாளைக்கு எட்டு நிமிடம், வாரம் ஐந்து நாள், அவரவர் வீட்டிலேயே. பெல்ட் நகர, பிஞ்சுக் கால்கள் தாமாக எட்டெடுத்து வைத்தன. அந்தக் குழந்தைகள், பயிற்சி பெறாத மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக 101 நாள் முன்னதாகத் தனியே நடந்தார்கள். ஒரு தாய்க்கு அந்த நூற்றொரு நாள் என்ன என்பதை எந்தப் பட்டியலிலும் போட முடியாது.

தரையில் மட்டுமில்லை, விண்வெளியிலும் இந்த எந்திரத்துக்கு வேலை இருக்கிறது. எடையே இல்லாத அங்கே எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குக் கரைவதால், விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். 2007 ஏப்ரல் 16 அன்று விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ், உடலைப் பட்டைகளால் இழுத்துக் கட்டிக்கொண்டு, அங்கிருந்த டிரெட்மில்லிலேயே பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 4 மணி 24 நிமிடம்.

ஊருக்கு ஒன்று

வீட்டுக்கு வீடு டிரெட்மில் என்பது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. நெசவாளியின் வீட்டில் தறி போக மிஞ்சும் இடத்தில்தான் குடும்பமே படுக்கிறது. வாங்க வசதியுள்ள வீடுகளிலும் மூன்று மாதம் ஓடி, பிறகு துணி காயப்போடும் கொடியாகிவிட்ட எந்திரங்களை நிறையப் பார்க்கலாம். நகரத்து ஜிம்கள் இளைஞர்களுக்கானவை. கையும் மார்பும் புடைக்க எடை தூக்கும் இடம். 1977-ல் எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அருப்புக்கோட்டைத் தொகுதியில் உடற்கட்டின் மேல் மோகம் இருப்பதில் வியப்பில்லை. அங்கே ஓர் ஐம்பது வயது அம்மா போய் வரிசையில் நிற்க முடியாது.

நான் கேட்பது பொது எந்திரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று, பெரிய ஊராட்சிகளில் ஒன்று, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒன்று. இது புது யோசனை இல்லை. 2016-ல் தமிழக அரசு கிராமங்களில் 500 உடற்பயிற்சிக் கூடங்களை அறிவித்தது. கருவி வாங்குவது எளிது. பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் எந்தக் கூடத்துக்கும் பூட்டுதான் மிஞ்சும். மத்திய அரசு 2018-ல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அறிவித்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். அந்தத் திட்டத்தில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் முதல் தலைப்பு. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எந்த நோயாளிக்கு எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுக்க மாவட்டத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்திரம் வாங்கும்போதே ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட வேண்டும். சாவி மகளிர் சுய உதவிக் குழுவிடம் இருக்க வேண்டும். மாலை ஆறு முதல் ஒன்பதரை வரை பெண்களுக்கு மட்டும்; மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வந்து, ஒருவர் நடக்க மற்றவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். காலையில் தறிகாரர்களுக்கும் முதியவர்களுக்கும் நேரம். வாரம் ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் அங்கே வந்து உட்கார, கெண்டைக்கால் பிடிக்கிறவர்களை அவரே பக்கத்தில் நின்று நடக்கவைக்கலாம். சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, தேதி, நிமிடம், வேகம், நடந்து முடித்த பிறகு நாடித்துடிப்பு என்று நாலு கட்டம் போட வேண்டும். தொடங்கும் நாளில் ஒரு முறையும், மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறையும் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து அதே நோட்டில் எழுதினால், அந்த எந்திரம் அந்த ஊரில் இருக்க வேண்டுமா, பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமா என்பதை ஊர்க்காரர்களே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.